ராணித் தலை ரூபாய்க்கு எந்த அளவுக் கேப்சூல்? 32 வாங்கினேன், காசு உள்ளே ஆடுகிறது

அறந்தாங்கி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். போன தை மாதம் அப்பத்தா டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு சுருக்குப் பையை என்னிடம் கொடுத்தார். உள்ளே 17 வெள்ளி ரூபாய், ஒரு ராஜா தலைப் பவுன். ரூபாய்களில் பெரும்பாலானவை விக்டோரியா ராணித் தலை. எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் சில. ஆறாம் ஜார்ஜ் ஒன்று, 1944. விற்கும் எண்ணம் இல்லை. ஒவ்வொன்றையும் கேப்சூலில் (காசை வைத்து மூடும் வட்டமான பிளாஸ்டிக் கூடு) போட்டு, அப்பத்தா இருக்கும்போதே அவருக்குக் காட்ட வேண்டும் என்பதுதான் ஆசை.

காசு ஏறக்குறைய 31 மில்லிமீட்டர் இருக்கும் என்று எங்கோ படித்த ஞாபகத்தில், கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும் என்று 32 அளவில் 20 கேப்சூல் வாங்கினேன். எல்லாம் உள்ளே போகின்றன. ஆனால் கையில் எடுத்து அசைத்தால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம். ஓரத்துக்கு ஓரம் நகர்கிறது. ஒரு கேப்சூலின் உட்பக்கம் காசு உரசி அதற்குள் கோடு விழுந்துவிட்டது. பஞ்சு வைத்து அடைத்துவிடு என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா? இல்லை 30 அல்லது 31 வாங்க வேண்டுமா?

கடைசல்

தம்பி, பஞ்சு வேண்டாம். பஞ்சு ஈரத்தை இழுத்துக் காசின் மேலேயே வைத்திருக்கும். முதலில் காசுகளை வெளியே எடுத்து, சுத்தமான காகிதத்தில் அடுத்தடுத்துப் படாமல் வையுங்கள்.

நான் கோவையில் கடைசல் பட்டறையில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க அளவெடுப்பதுதான் பிழைப்பு, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். விட்டத்தைப் பட்டியல்களில் 30.5 என்றும் போடுவார்கள், 30.8-ஐ ஒட்டியும் போடுவார்கள். அந்த எண்ணை வைத்துக் கேப்சூல் வாங்கக் கூடாது. உங்கள் கையில் இருக்கும் காசை அளந்துதான் வாங்க வேண்டும். நூறு வருடத்துக்கு மேல் கைமாறிய காசு, பட்டியலில் இருக்கும் எண்ணுக்கு எதற்குக் கட்டுப்பட வேண்டும்?

ஒரு டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர் வாங்குங்கள். பிளாஸ்டிக் தாடை உள்ளது கிடைத்தால் நல்லது. இரும்புத் தாடைதான் இருக்கிறது என்றால், மெல்லிய காகிதத்தில் இரண்டு சிறு துண்டு வெட்டி, இரண்டு தாடைக்கும் நடுவில் வைத்து மூடி, அந்த நிலையில் ஜீரோ பொத்தானை அழுத்துங்கள். பிறகு காசுக்கு இருபுறமும் அதே காகிதம் இருக்கும்படி பிடித்து அளந்தால், இரும்பும் காசில் படாது, காகிதத்தின் தடிமனும் கணக்கில் சேராது. ஒரு காசுக்கு ஒரு அளவு போதாது. திருப்பித் திருப்பி நாலு இடத்தில் எடுங்கள். பழைய காசு முழு வட்டமாக இருக்காது. நாலில் பெரியது எதுவோ அதுதான் உங்கள் அளவு.

அப்புறம் கேப்சூலையும் அளக்க வேண்டும். காலிப்பரின் மேல்பக்கத்தில் இருக்கும் சிறு தாடைகள் உள்விட்டம் எடுக்கத்தான். 31 என்று அச்சிட்டிருக்கும் கேப்சூல் ஒரு கட்டில் 31.1 இருந்தது, இன்னொரு கட்டில் 30.8 இருந்தது. இரண்டும் என் கையில் அளந்தவை.

காசுக்கும் கேப்சூலுக்கும் நடுவில் 0.2 முதல் 0.5 மி.மீ. வரை இடைவெளி இருக்கலாம் என்பது என் கணக்கு. அதற்குக் கீழே போனால் மூடும்போது விளிம்பு அழுந்தும், மேலே போனால் ஆடும். உங்களுக்கு இப்போது 1.3-க்கு மேல் இருக்கும் போலிருக்கிறது. அதனால்தான் அந்தச் சத்தம்.

நெய்தல்

கடைசல் அண்ணா சொன்னதோடு தடிமனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். நான் சேர்ப்பது சுதந்திர இந்தியக் காசுகள்தான், அதிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 5 ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். 1992-இல் வந்த வெள்ளை நிறக் குப்ரோநிக்கல் (செம்பும் நிக்கலும் கலந்த) காசு 9 கிராம், விட்டம் 23. 2011 வரிசையில் வந்த மஞ்சள் நிற நிக்கல் பித்தளைக் காசு 6 கிராம், அதற்கும் விட்டம் 23. விட்டம் ஒன்றுதான், தடிமன் வேறு. 2003-இல் வந்த காமராசர் நூற்றாண்டு 5 ரூபாய் அந்தத் தடித்த வகை. அதற்குச் சரியாக இருக்கும் கேப்சூலில் மஞ்சள் காசைப் போட்டால், பக்கவாட்டில் ஆடாது, மேலும் கீழும் ஆடும். முகப்பில் இருக்கும் உருவம் மூடியில் உரசுவது அப்படித்தான். அந்த உரசல் விளிம்பில் படுவதைவிட மோசம், ஏனென்றால் முதலில் தேய்வது கன்னமும் மூக்கும்தான்.

ரூபாய் மதிப்பைச் சொல்லிக் கேப்சூல் கேட்காதீர்கள் என்பதற்கும் நம் காசே சாட்சி. 1992 முதல் வந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 1 ரூபாய் 25 மி.மீ., 2011 வரிசையில் வந்த 1 ரூபாய் 22. அதே 2011 வரிசையில் 2 ரூபாய் 25. ஒரு ரூபாய்க்கு என்று வாங்கிய கேப்சூலில் கடைசியில் இரண்டு ரூபாய்தான் உட்காரும்.

மேப்பிள் இலை

டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன். இங்கேயும் அதே தொல்லை. கடைகளில் ஒரு அவுன்ஸ் வெள்ளிக் காசுக்கான கேப்சூல் என்று எழுதி விற்பார்கள். அமெரிக்க சில்வர் ஈகிள் 40.6 மி.மீ., பிரிட்டானியா 38.61, கனடாவின் மேப்பிள் லீஃப் 38. மூன்றிலும் இருப்பது ஒரே அளவு வெள்ளி, மூன்றுக்கும் மூன்று கேப்சூல். நான் முதல் வருடம் ஈகிளுக்கு வாங்கியதில் மேப்பிளைப் போட்டுவிட்டு, ஏன் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது என்று தெரியாமல் இருந்தேன்.

பழங்காசு

அறந்தாங்கி தம்பிக்கு ஒரு கேள்வி. அந்தப் பதினேழில் கொக்கி வைத்த காசு இருக்கிறதா? நம் வீடுகளில் ராணித் தலை ரூபாயைக் கோத்துக் கழுத்தில் போட்ட காலம் உண்டு. பிற்பாடு கொக்கியைப் பிடுங்கியிருப்பார்கள், பற்றவைத்த ஈயப்பற்று விளிம்பில் ஒரு மொட்டுப்போல நிற்கும். அந்த இடத்தில் விட்டம் கூடும். அப்படிப்பட்ட காசை மற்றக் காசோடு ஒரே அளவில் அடைக்கப் பார்த்தால், கேப்சூல் உடையும் அல்லது காசு நசுங்கும். அந்தப் பற்றை அரம் போட்டுத் தேய்த்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

பொதுவாக நான் நேரடி அளவுக் கேப்சூலைவிட, அதாவது காசின் விட்டத்துக்கே செய்த வட்டக் கேப்சூலைவிட, சதுரக் கேப்சூலைத்தான் சொல்வேன். 50-க்கு 50 மி.மீ. சதுரம், உள்ளே ஃபோம் வளையம், நடுவில் காசின் அளவுக்கு ஓட்டை. எல்லாக் காசும் வெளியே ஒரே அளவாக இருப்பதால் ஒரே பெட்டியில் அடுக்கலாம். நான் சேர்ப்பது சோழர் செப்புக் காசும் தரங்கம்பாடிக் காசும். ராஜராஜன் காசில் வட்டமான ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பதே பாடு. கையால் அடித்தவை, ஒரு பக்கம் நீண்டும் ஒரு பக்கம் வெடித்தும் இருக்கும். அவற்றுக்கு 20, 21 என்று நேரடி அளவு பார்த்துப் பயனே இல்லை. ஃபோமைக் காசின் உருவத்துக்கு வெட்டிக்கொள்வதுதான் வழி.

கடைசல்

ஐயா, சோழர் காசுக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் இயந்திரத்தில் அடித்த வட்ட ரூபாய்க்கு ஃபோம் எதற்கு என்று கேட்கிறேன். ஃபோம் விளிம்பை மறைத்துவிடும். தம்பியிடம் இருக்கும் 1944 ரூபாயையே எடுத்துக்கொள்ளுங்கள். 1940-இல் ரூபாயின் வெள்ளியை 91.7 சதவீதத்திலிருந்து 50 ஆகக் குறைத்தபோது, கள்ளக்காசைத் தடுக்க விளிம்பின் நடுவில் ஒரு பள்ளம் ஓட்டி அதற்குள் வேலைப்பாடு வைத்தார்கள். அந்த விளிம்பைப் பார்ப்பதுதான் அந்தக் காசின் அழகே. நேரடி அளவுக் கேப்சூலில் சாய்த்துப் பிடித்தால் அது தெரியும். ஃபோமில் போட்டால் கறுப்பு வளையம்தான் தெரியும்.

நெய்தல்

ஃபோம் பற்றி நானும் சொல்ல வேண்டும். எல்லா ஃபோமும் ஒன்றல்ல. மலிவாகக் கிடைக்கும் ஈவிஏ ஃபோம் காலப்போக்கில் அசிட்டிக் அமில ஆவியை விடக் கூடியது. பாலிஎத்திலீன் ஃபோம் என்று விற்பவர் உறுதியாகச் சொன்னால் வாங்குங்கள். எந்த ஃபோம் என்று கேட்டதற்கு, நல்ல ஃபோம் மேடம் என்று மட்டும் பதில் வந்தால் விட்டுவிடுங்கள்.

பழங்காசு

நெய்தல் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், எனக்கு அது அனுபவம். தரங்கம்பாடியில் டேனியர்கள் முதல் காலத்தில் வெளியிட்ட காசுகள் ஈயம். என்னிடம் நாலு இருந்தன. அவற்றை அழகான மரப்பெட்டியில் ஃபோம் வெட்டி வைத்திருந்தேன். இரண்டு மழைக்காலம் கழித்துத் திறந்தால் ஒன்றின் மேல் வெள்ளைப் பொடி, தொட்டால் உதிர்கிறது. ஈயத்துக்கு அசிட்டிக் அமில ஆவி ஆகவே ஆகாது, அந்த ஆவி மரத்திலிருந்தும் வரும், பசையிலிருந்தும் வரும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தக் காசில் எழுத்து இருந்த இடம் போய்விட்டது. 300 வருடம் மண்ணில் தாங்கியது என் பெட்டியில் தாங்கவில்லை. அதை நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது.

ஆகவே தம்பி, வெள்ளி ரூபாய்க்குக் கடைசல் சொல்லும் நேரடி அளவையே வாங்குங்கள். கொக்கிக் காசு இருந்தால் அதற்கு மட்டும் சதுரம், பாலிஎத்திலீன் ஃபோம்.

அறந்தாங்கி

எல்லோருக்கும் நன்றி. அறந்தாங்கியில் காலிப்பர் கிடைக்கவில்லை, புதுக்கோட்டை போய் வாங்கி வந்தேன். காகிதம் வைத்து ஜீரோ அழுத்தி, ஒவ்வொன்றுக்கும் நாலு அளவு எடுத்தேன்.

15 காசுகள் 30.4-க்கும் 30.7-க்கும் இடையில் இருக்கின்றன. நன்றாகத் தேய்ந்து ராணியின் முகமே மழுங்கிய ஒன்று இருக்கிறது, அதுவும் 30.5 காட்டுகிறது. தேய்ந்தால் விட்டம் நிறையக் குறையும் என்று நினைத்திருந்தேன், இல்லை. பழங்காசு ஐயா கேட்டதுபோலவே இரண்டில் ஈயப்பற்று இருக்கிறது. நான் அதை ஏதோ அழுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டப் பார்த்தேன். அந்த இடத்தில் அளந்தால் 31.6, மற்ற இடத்தில் 30.6.

பவுன் எந்தத் திசையில் அளந்தாலும் 22.0 அல்லது 22.1. இதற்கு 22 கேப்சூல் போதுமா? 22.05 காசு 22-க்குள் எப்படி நுழையும்?

கடைசல்

அருமையாக அளந்திருக்கிறீர்கள். தேய்மானம் முதலில் மேடான இடங்களைத்தான் தின்னும். அதனால்தான் முகம் போயும் விட்டம் நிற்கிறது. ஆனால் தேய்ந்த காசின் தடிமன் குறைந்திருக்கும். அந்த ஒன்று மட்டும் மேலும் கீழும் லேசாக ஆடலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 15-க்கும் 31 வாங்குங்கள். 30 வேண்டவே வேண்டாம். அழுத்தினால் உள்ளே போய்விடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பவுனுக்கு விட்டம் 22.05, தடிமன் 1.52 மி.மீ. என்பதுதான் கணக்கு. தரமாகச் செய்கிறவர்கள் 22 என்று போட்டாலும் உள்ளே ஒரு மயிரிழை கூடவே விட்டிருப்பார்கள். ஆனாலும் அளந்து பார்க்காமல் அழுத்தாதீர்கள். 22 காரட் தங்கம் மெத்தென்றது, விளிம்பில் பள்ளம் விழுந்தால் போனதுதான். காசைக் கீழ்ப்பாதியில் வைத்ததும் அதுவே தன் எடையில் இறங்கி உட்கார வேண்டும். விரலால் தள்ள வேண்டியிருந்தால் அந்தக் கேப்சூல் அதற்கு இல்லை. நம் நகைக்கடைகளில் ஒரு பவுன் என்றால் 8 கிராம் என்கிறோமே, அந்தப் பேரே இந்தக் காசிலிருந்து வந்ததுதான். இது 7.98 கிராம்.

வெயில் காலத்தில் இறுகுமா என்று கேட்பீர்கள். அக்ரிலிக் வெள்ளியைவிட மூன்று மடங்குக்கு மேல் விரியும். அதனால் சூட்டில் கேப்சூல் தளருமே தவிர இறுகாது. 20 டிகிரி ஏறி இறங்கினாலும் ரூபாய் அளவுக்கு வித்தியாசம் 0.03 மி.மீ. தான். நம் ஊர்த் தட்பவெப்பத்துக்கு இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

நெய்தல்

தம்பி, கேப்சூல் வரும் வரைக்கும் காசுகளைக் கடையில் கிடைக்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துவிடாதீர்கள். இதை நான் அழுதுகொண்டே கற்றுக்கொண்டேன்.

என்னிடம் 1969-இல் வந்த காந்தி நூற்றாண்டு 10 ரூபாய் இருந்தது. 15 கிராம், 34 மி.மீ., 80 சதவீதம் வெள்ளி. அப்பா வாங்கி வைத்தது. ஒரு ஆல்பத்தில் போட்டு பீரோவில் வைத்திருந்தேன். நாங்கள் இருப்பது கடலுக்குப் பக்கத்தில், புழுக்கம் அதிகம். மூன்று வருடம் கழித்து எடுத்தால் காசின் மேல் பச்சையாகப் பிசுபிசுப்பு. அந்த ஆல்பத்தின் உறை பிவிசி. அதை மெத்தென்று வைத்திருக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் கசிகிறது, பிளாஸ்டிக் சிதையும்போது அமிலமும் வெளிவருகிறது. அது செம்பையும் வெள்ளியையும் தின்னும். 2 ரூபாய்க் குப்ரோநிக்கல் காசுகளிலும் அதே பச்சை.

சுத்தமான அசிட்டோனில் மூழ்க வைத்து, எடுத்து, மறுபடி புதிய அசிட்டோனில் விட்டேன். பிசுபிசுப்பு போய்விட்டது. நகப்பூச்சு அழிப்பான் அல்ல, அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். துணியால் தேய்க்கவும் கூடாது. கண்ணாடிக் கிண்ணம், ஜன்னல் திறந்த அறை, பக்கத்தில் அடுப்பு கூடாது. ஆனால் பச்சைக்குக் கீழே அரித்திருந்த இடம் அப்படியே நின்றுவிட்டது.

வளைத்தால் துணிபோல மடங்கி, புதுக் காலணி மாதிரி வாடை அடிக்கும் பிளாஸ்டிக் என்றால் காசுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கடினமான, வாடையில்லாத அக்ரிலிக் அல்லது பாலிஸ்டைரீன் கேப்சூல்தான் வேண்டும்.

மேப்பிள் இலை

செப்புக் கம்பியைச் சூடாக்கிப் பிளாஸ்டிக்கில் தொட்டு, மறுபடி தீயில் காட்டினால் பச்சைச் சுடர் வரும், அது பிவிசி என்று ஒரு சோதனை சொல்வார்களே?

கடைசல்

உண்மைதான். குளோரின் இருந்தால் பச்சைச் சுடர் வரும். வெட்டவெளியில், ஒரு சிறு துணுக்கில் மட்டும் செய்ய வேண்டும். அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் வேண்டாம்.

சிலம்பு

குறுக்கே புகுவதற்கு மன்னிக்கவும். தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010-இல் வந்த 1000 ரூபாய்க் காசு என்னிடம் இருக்கிறது. கூடவே வந்த பெட்டி உடைந்துவிட்டது. எந்த அளவு வாங்குவது? அப்புறம் எம்.எஸ். சுப்புலட்சுமி 100 ரூபாயும் இருக்கிறது.

இன்னொன்று, பழைய அலுமினியப் பைசாக்கள். சதுர 1 பைசா, அறுகோண 3 பைசா, நெளிநெளியான 10 பைசா.

நெய்தல்

இரண்டு நினைவுக் காசுக்கும் 44 மி.மீ., 35 கிராம். கடைகளில் அதிகம் அடுக்கியிருப்பது 40-க்குக் கீழேதான், 44 என்று கேட்டு வாங்க வேண்டும். ப்ரூஃப் காசாக (சேகரிப்பவர்களுக்காகக் கண்ணாடிபோலப் பளபளக்க அடித்தது) இருந்தால் மாற்றும்போது முகத்தைத் தொடாதீர்கள், விளிம்பை மட்டும் பிடியுங்கள், கீழே ஒரு மெத்தென்ற துணியை விரித்துக்கொள்ளுங்கள், அந்தக் கண்ணாடிப் பளபளப்பில் ஒரு விரல் பட்டால் சில மாதத்தில் ரேகை எழும்பும்.

அலுமினியக் காசுகளை மூலைக்கு மூலை அளக்க வேண்டும். சதுர 1 பைசாவைப் பக்கத்துக்குப் பக்கம் அளந்து வட்டக் கேப்சூல் வாங்கினால் உள்ளே போகாது. மூலை அளவுக்கு வாங்கினால் போகும், ஆனால் நாலு மூலைதான் பிடிக்கும், நாலு பக்கமும் வெற்றிடம், காசு சுழலும். அதன் எடை முக்கால் கிராம்தான், அதனால் சுழன்றாலும் பெரிய சேதம் இல்லை. எனக்கு அது சுழல்வது பிடிக்காது, அதனால் சதுரக் கேப்சூலில் வைத்திருக்கிறேன். 12 மூலை கொண்ட 20 ரூபாய்க்கு அந்தக் கவலை இல்லை. 27 மி.மீ., 10 ரூபாய்க் கேப்சூலிலேயே உட்கார்ந்துவிடும்.

சிலம்பு

மிக்க நன்றி அக்கா. கேப்சூல் காற்றுப் புகாதது என்று போட்டிருந்தால் ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் தேவையில்லை அல்லவா?

நெய்தல்

தேவைதான். இரண்டு பிளாஸ்டிக் பாதியை அழுத்தி மூடுவதால் காற்று முழுக்க நின்றுவிடாது, மெதுவாகும், அவ்வளவுதான். எங்கள் ஊர் உப்புக்காற்றில் அது நன்றாகத் தெரியும். கேப்சூல்களை மூடி இறுகும் டப்பாவில் வைத்து சிலிகா ஜெல் பையையும் போடுங்கள். நிறம் மாறியதும் காயவைத்தோ மாற்றியோ விடுங்கள். செய்தித்தாளில் சுற்றுவது, ரப்பர் பேண்ட் போடுவது இரண்டும் வேண்டாம். ரப்பரில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும்.

அறந்தாங்கி

கேப்சூல் வந்துவிட்டது. அளந்தேன், உள்விட்டம் 31.0 முதல் 31.1. பதினைந்தும் தானாக இறங்கி உட்கார்ந்தன. சுற்றிலும் கட்டை விரலால் சமமாக அழுத்தி மூடினேன், டக்கென்று பிடித்துக்கொண்டது. அசைத்தால் சத்தம் இல்லை. தேய்ந்த அந்த ஒன்று மட்டும் லேசாக ஆடுகிறது. பவுனும் சரியாக உட்கார்ந்தது.

ஈயப்பற்று இருக்கும் இரண்டுக்கும் சதுரக் கேப்சூலில் ஃபோமை வெட்டி, பற்று வரும் இடத்தில் சிறு பள்ளம் விட்டேன். அப்பத்தாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த இரண்டையும் தனியாக எடுத்து, இவை அவருடைய அம்மா கழுத்தில் கிடந்தவை என்றார். அது எனக்கு அதுவரை தெரியாது.

பழங்காசு

தம்பி, அதை ஒரு சீட்டில் எழுதி, அந்தச் சதுரக் கேப்சூலுக்கு வெளியே ஒட்டாமல், பக்கத்தில் வையுங்கள். உங்கள் பாட்டியின் அம்மா பெயர், ஊர், தெரிந்தால் வருடம்.

ராணித் தலைகளில் 1862 என்று போட்டவை எத்தனை? 1874-இல் புதிய ஆண்டு பொறிக்கும் வரை 1862 என்ற அதே ஆண்டோடுதான் அடித்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கத்தில் சிறு புள்ளிகள் இருக்கும், அவற்றின் எண்ணிக்கையை வைத்துத்தான் ரகம் பிரிப்பார்கள். கேப்சூலைத் திறக்க வேண்டாம், பூதக்கண்ணாடியோடு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

அறந்தாங்கி

மூன்று இருக்கின்றன ஐயா. ஒன்றில் ஆண்டுக்குக் கீழே இரண்டு புள்ளி தெளிவாகத் தெரிகிறது. மற்ற இரண்டிலும் அழுக்கா புள்ளியா என்று புரியவில்லை. நாளை காலை வெயிலில் படம் எடுத்துப் போடுகிறேன்.